பாயிண்டிலிருந்து பல்ஸருக்கு: படகு எஞ்சினில் எர்த் கடந்து வந்த பாதை

மோகனூருக்கும் எதிர்க்கரையிலுள்ள வாங்கலுக்கும் இடையே பாலம் அமைவதற்கு முன் காவிரியைக் கடக்க உதவிய பரிசல், துடுப்பையும் ஓட்டுபவரின் கைவலுவையும் மட்டுமே நம்பியிருந்தது. இந்தக் கரைக்கு எஞ்சின் வந்தது படகின் வழியாக அன்று, பாசனத்தின் வழியாகவே. டீசலில் ஓடும் ஆயில் எஞ்சின், காற்றை அழுத்தி அதனால் எழும் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பதால், அதற்குத் தீப்பொறி தேவைப்படவில்லை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும் சிறு பம்ப்செட்டுகளோ தீப்பொறியை நம்பியவை. தமிழகக் கடற்கரையில் வள்ளங்களின் பின்புறம் மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சின்களும் பெரும்பாலும் அதே முறையில் ஓடியதால், ஆற்றங்கரை மெக்கானிக்கும் கடற்கரை மெக்கானிக்கும் அவிழ்த்துப் பார்த்த பற்றவைப்பு அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த அமைப்பின் மூலக்கருவி மேக்னெட்டோ, அதாவது சுழலும் காந்தத்தைக் கொண்டு பேட்டரி இல்லாமலேயே மின்சாரம் உண்டாக்கும் சாதனம். 1887இல் ராபர்ட் போஷ் இதை நிலையான எஞ்சின்களுக்காகச் செய்தார். 1902இல் அவருடைய பட்டறையைச் சேர்ந்த காட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த வகையை உருவாக்கினார். 1909இல் ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய அவுட்போர்டு எஞ்சின் பேட்டரியை நம்பியிருந்தாலும், பின்னர் ஃப்ளைவீலுக்குள்ளேயே மேக்னெட்டோவை அடக்கும் வழக்கம் பரவியது. 1952இல் ஒப்பந்தமாகிக் கேரளத்தில் செயல்பட்ட இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் படகுக்குள் பொருத்தும் டீசல் எஞ்சின்களை முன்னிறுத்தியது. அவுட்போர்டு எஞ்சின்கள் தென்னகக் கரைகளில் பெருகியது அதற்கு வெகுகாலம் கழித்தே.

பழைய மேக்னெட்டோவின் உள்ளே திறந்து மூடும் இரு உலோக முனைகளைப் பட்டறைகளில் பாயிண்ட் என்பர். மின்சாரம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால்தான் சுற்று முழுமையடையும்; அந்தத் திரும்பும் வழியாக எஞ்சினின் உலோக உடலையே பயன்படுத்துவது எர்த் எனப்படும். பாயிண்டின் ஒரு முனை உடலோடு ஒட்டாதபடி ஃபைபர் துண்டால் பிரிக்கப்பட்டிருக்க, மறுமுனை தட்டின்மேல் நேரடியாக முறுக்கப்பட்டிருந்தது. பாகத்தைப் பிடித்து நிறுத்திய திருகே எர்த்தாகவும் இருந்தமையால், புதிய பாயிண்ட் மாட்டியவர் எர்த் கொடுக்கிறோம் என்று எண்ணாமலே கொடுத்துவிட்டார். அதே எஞ்சினை நிறுத்தும் பொத்தானும் பாயிண்ட் அமைந்த முதன்மைச் சுற்றை எர்த்தில் சேர்த்தே தீப்பொறியை அணைத்தது; எஞ்சினை ஓடவைப்பதும் எர்த், நிறுத்துவதும் எர்த் என்பது புதிதாகத் தொழில் கற்பவரை இன்றும் குழப்புவது இயல்பே.

1960களின் பிற்பகுதியிலிருந்து அவுட்போர்டு எஞ்சின்களில் பாயிண்டின் இடத்தை மின்னணுப் பற்றவைப்பும், ஃப்ளைவீல் காந்தம் கடக்கும் நொடியைச் சொல்லும் பல்ஸர் காயில் என்ற உணரியும் பிடித்தன. இவ்வுணரி தரும் சைகை மிகச் சிறியது. சில வகைகள் திருகின் வழியாகவும், சில தனிக் கறுப்புக் கம்பியின் வழியாகவும் எர்த் பெறுகின்றன. மாற்று உணரியை வாங்கிப் பொருத்துபவர் பழைய பழக்கத்தில் திருகை மட்டும் முறுக்கிவிட்டுக் கறுப்புக் கம்பியைப் பெயின்ட் பூசிய இடத்தில் வைத்தால், எஞ்சின் சில நேரம் ஓடிச் சில நேரம் நிற்கும். உணரியே பழுதென்று இன்னொன்றை வாங்குவோரும் உண்டு.

தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட உள்பொருத்து பெட்ரோல் எஞ்சின்களில் சிக்கல் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். பாயிண்டுக்குப் பதிலாக, 1879இல் எட்வின் ஹால் கண்ட காந்த விளைவின்படி வேலை செய்யும் உணரியை வைக்கும்போது, அது அமரும் தட்டு நேரமாற்றத்துக்காக அசைவதால், தட்டையும் உடலையும் இணைக்கும் நூல்போன்ற பின்னல் கம்பியே எர்த்தைச் சுமக்கிறது. பல்லாண்டு அசைந்து இற்றுப்போன அக்கம்பி கண்ணுக்கு முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருக்கக்கூடும். பேட்டரியின் நேர்முனையை எர்த்தாகக் கொண்ட பழைய எஞ்சின்களிலோ, எதிர்முனை எர்த்துக்கெனச் செய்த உணரி இணைத்த கணமே கெட்டுவிடலாம்.

காரில் இரும்பு உடல் முழுவதும் எர்த்; 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் தமிழகக் கரைகளில் பெருமளவு பெருகிய ஃபைபர் படகின் உடலோ மின்சாரத்தைக் கடத்தாது. எனவே பேட்டரியுள்ள எஞ்சினில் பிளாக்கிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்குத் தடித்த கம்பி தனியாகச் செல்ல வேண்டும். உப்புக்காற்றில் அலுமினியத்தின்மேல் படியும் வெண்பொடியும் பெயின்ட்டும் சுரண்டப்பட்டு, வெற்று உலோகத்தில் வளைய முனை முறுக்கப்பட்ட பிறகே மேலே கிரீஸ் பூசப்படுகிறது. எஞ்சினைச் சுழற்றும்போது உணரியின் எர்த்துக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மறுபடி சுரண்டவேண்டியிருக்கும்.