அளவு, வேளை, விலக்கு: பருவகால மனச்சோர்வில் ஒளிவிளக்குச் சிகிச்சை

கனடா, நார்வே போன்ற வட நாடுகளில் பகற்பொழுது சுருங்கும் இலையுதிர் காலத்தில் தொடங்கி, வசந்தத்தில் தானே தணிந்து, ஆண்டுதோறும் மீளும் மனச்சோர்வு ‘பருவகால மனச்சோர்வு’ எனப்படுகிறது. 1984ஆம் ஆண்டில் நார்மன் ரோசென்தாலும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் அவருடன் பணியாற்றியோரும் இந்நோயை வரையறுத்து, செறிந்த செயற்கை ஒளியால் அது தணிவதையும் எடுத்துக்காட்டினர். அதன்பின் ஒளிவிளக்கு மருத்துவர் சீட்டின்றி எவரும் வாங்கக்கூடிய வீட்டுப்பொருளாகிவிட்டது. எனினும் மருந்துக்குரிய அளவு, வேளை, விலக்கு ஆகிய மூன்றையும் ஒளிக்கும் பொருத்தினாலன்றி இச்சிகிச்சை பயனோ பாதுகாப்போ தராது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட நரம்பணுக்கள் சில, வெளிச்சத்தின் அளவை மூளையின் உயிர்க்கடிகாரத்துக்கு, அதாவது உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் நரம்பணுத் தொகுதிக்கு, உணர்த்துகின்றன. இரவில் சுரக்கும் மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சாதாரண அறை வெளிச்சம் அடக்காதபோதும் 2,500 லக்ஸ் ஒளி அடக்கியதை ஆல்ஃபிரட் லூயி குழுவினர் 1980இல் கண்டறிந்ததே, செறிந்த ஒளியைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த வழிவகுத்தது.

லக்ஸ் என்பது விளக்கின் ஆற்றலையன்று, ஒரு பரப்பின்மீது விழும் ஒளியின் அளவைக் குறிப்பதாகும். ஆகவே, பெட்டியில் அச்சிடப்பட்ட 10,000 லக்ஸ் என்னும் எண், தயாரிப்பாளர் குறிப்பிடும் தொலைவில் அமர்ந்தால் மட்டுமே மெய்யாகும். சற்றுத் தள்ளி அமர்ந்தாலும் கண்ணை எட்டும் ஒளி பெரிதும் குறைந்துவிடும். 10,000 லக்ஸில் நாள்தோறும் 30 நிமிடமும், 2,500 லக்ஸில் ஏறத்தாழ 2 மணி நேரமும் வழக்கமான கால அளவுகளாகும். கண்கள் திறந்திருக்க வேண்டுமெனினும், விளக்கை நேராக உற்றுநோக்க வேண்டியதில்லை.

வேளையைப் பொறுத்தவரை, விழித்தெழுந்தவுடன் பெறும் ஒளி உயிர்க்கடிகாரத்தை முன்னகர்த்துகிறது. மாலையில் பெறும் ஒளியோ அதனைப் பின்தள்ளி, உறக்கத்தைக் கெடுக்கக்கூடும்.

விலக்குகளே மிகுந்த கவனத்துக்குரியவை. மனச்சோர்வும் மிகைக்கிளர்ச்சியும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உடையோருக்கு இவ்வொளி மிகைக்கிளர்ச்சியைத் தூண்டக்கூடுமாதலால், அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பின்றி இதனைத் தொடங்கலாகாது. விழித்திரை நோயுடையோரும், ஒளிக்கு எளிதில் புண்படும் தன்மையை உண்டாக்கும் மருந்துகளை உட்கொள்வோரும் முன்னதாக மருத்துவரைக் கலந்தாலோசித்தல் வேண்டும். புற ஊதாக் கதிர்களை வடிகட்டாத விளக்குகளும், தோலைக் கருமையாக்கும் விளக்குகளும் இதற்கு மாற்றாகா. தலைவலி, கண் உளைச்சல், குமட்டல் ஆகியவை தோன்றினால் நேரத்தைக் குறைப்பதும் தொலைவைக் கூட்டுவதும் பெரும்பாலும் போதுமானவை.

விளக்கொளி முன்னிலையில் நோயாளியின் எதிர்பார்ப்பே குணமாகத் தோன்றுகிறது என்னும் ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒளியை மறைத்துவைத்துச் சோதிக்க இயலாமையே அதற்குக் காரணம். ஆயினும் 2006இல் வெளியான கனடிய ஆய்வில், 96 நோயாளிகளிடையே 8 வாரங்களில் ஒளிச்சிகிச்சையும் மனச்சோர்வுக்குரிய ஃப்ளூஆக்ஸிடின் மாத்திரையும் ஏறத்தாழ ஒத்த பயனையே அளித்தன. மாத்திரைக்கு நிகராகச் செயல்படும் ஒன்றை மாத்திரைக்குரிய எச்சரிக்கையின்றிக் கையாள்வது முரணாகும். தற்கொலை எண்ணம் தலைகாட்டுமிடத்து விளக்கைச் சார்ந்து காத்திராமல் உடனே மருத்துவரை நாடுவதே முறை.