முடிவுக்கோடு மலையேறிய வரலாறு: டூர் டி பிரான்ஸில் உச்சி முடிவுகள்

1910 ஜூலை 21. பிரெனீஸ் மலைத்தொடரில் லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள். வழியிலிருந்த கடைசிப் பெரிய கணவாய் ஒபிஸ்க். அதை முதலில் கடந்தவர் பிரான்சுவா லாஃபூர்காத். அன்று அதிகம் பேர் அறியாத வீரர். ஏறத்தாழக் கால் மணி நேரம் கழித்துத்தான் ஒக்தாவ் லாபீஸ் மேலே வந்தார் என்று அந்நாளைப் பற்றிச் சொல்லிவருகிறார்கள். பந்தய அலுவலர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று அவர் கத்தியது சைக்கிள் உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. ஆனால் பயோனில் வென்றவர் லாபீஸ்தான். அந்த ஆண்டின் டூர் டி பிரான்ஸையும் அவரே வென்றார். ஒபிஸ்க்கின் உச்சிக்கும் பயோனுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேல் சாலை கிடந்தது. மலை கொடுத்த முன்னிலையை அந்தச் சாலை தின்றுவிட்டது.

டூர் பந்தயம் பெரிய மலை ஒன்றில் திட்டமிட்டு ஏறியது 1905இல். மலையின் மேலேயே பந்தயம் முடிந்தது 1952இல். நடுவில் 47 ஆண்டுகள். உச்சியில் முதலில் வருபவர் அடிவாரத்தில் தோற்கக்கூடும் என்பது 1910இலேயே கண்கூடாகிவிட்டது. பின் ஏன் இவ்வளவு தாமதம்? 1952ஐப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இத்தாலிய வீரர் ஃபாஸ்டோ கோப்பியின் மேதைமையில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். கோப்பியின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் விடை வீரர்களிடம் இல்லை, சாலைகளிடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணவாய்க் காலம்

1903இல் ‘லோட்டோ’ என்ற விளையாட்டு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கிய பந்தயம் இது. முதல் ஆண்டில் 6 கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். புறப்பட்டவர் 60 பேர், முடித்தவர் 21 பேர். ஒவ்வொரு கட்டமும் ஒரு பெருநகரில் முடிந்தது: லியோன், மார்செய், துலூஸ், போர்தோ, நான்த், பாரிஸ். காரணம் எளிது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் அங்கே இருந்தது. வீரர்கள் படுக்க விடுதியும், செய்தியாளர்கள் பாரிசுக்குச் செய்தி அனுப்பத் தந்தி நிலையமும் அங்கேதான் இருந்தன. 1,161 மீட்டர் உயரமுள்ள ரெப்யூப்ளிக் கணவாயை அந்த முதல் ஆண்டிலேயே கடந்தார்கள். அதை யாரும் விழாவாக்கவில்லை.

1905இல் வோஜ் மலையிலுள்ள பலோன் தல்சாஸ் உச்சியை ரெனே பொத்தியே முதலில் தொட்டபோதுதான் மலை தனக்கென ஒரு பெயர் பெற்றது. பிரெனீஸுக்கு வழி பார்க்கப்போன அல்போன்ஸ் ஸ்தெய்னேஸ், 2,115 மீட்டர் உயரத் தூர்மலே கணவாயில் பனியில் கார் சிக்கி, இரவில் நடந்தே இறங்கி உயிர் பிழைத்தார். பிறகு, பாதை நன்றாக இருக்கிறது என்று தலைமைக்குத் தந்தி கொடுத்தார். அந்தத் துணிச்சலான பொய்யின் மேல்தான் 1910ஆம் ஆண்டின் பாதை எழுந்தது. மறு ஆண்டே ஆல்ப்ஸில் கலிபியே வந்தது: 2,556 மீட்டரில் ஒரு சுரங்க வாய். முதலில் அங்கே எட்டியவர் எமில் ஜோர்ஜே. பந்தயத்தின் தந்தையான ஆன்ரி தெக்ராஞ்சுக்குக் கலிபியே மேல் இருந்த பித்துக்கு அளவில்லை. இன்றும் அவருடைய நினைவுச்சின்னம் அங்கேதான் நிற்கிறது.

இவையெல்லாம் கணவாய்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக மனிதர் கண்ட வழி கணவாய். மேலே போகிற சாலை மறுபக்கம் இறங்கியே தீரும். நிற்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அன்றைய சைக்கிளும் அப்படியே அமைந்தது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். ஏற்றத்தின் தொடக்கத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். உச்சியில் மறுபடி திருப்புவார்கள். ஓடும்போதே மாற்றும் கியரைத் தெக்ராஞ்ச் கடைசிவரை ஏற்கவில்லை. அவர் விலகிய பிறகு, 1937இல்தான் அது டூருக்குள் வந்தது.

உச்சியின் நியாயம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஸ்பெயினின் விசென்தே த்ருவேபா மிகச் சிறிய உடல்காரர். ஏற்றத்தில் அவரைப் பிடிக்க ஆளில்லை. இறக்கத்தில் எல்லோரும் பிடித்துவிடுவார்கள். 1933இல் மலையேற்றத்துக்கென்று தனித் தரவரிசை தொடங்கப்பட்டபோது அதை முதலில் வென்றவர் அவரே. அந்தத் தரவரிசை ஒரு சமாதானம் என்றே நான் கருதுகிறேன். முடிவுக்கோட்டை மேலே கொண்டுபோக முடியாத அமைப்பு, மேலே ஒரு புள்ளிக்கணக்கை நட்டுவைத்தது.

மூன்று உச்சிகள், மூன்று சாலைகள்

1952இல் ஒரே பந்தயத்தில் மூன்று உச்சி முடிவுகள் வந்தன: அல்ப் துவேஸ், செஸ்த்ரியேரே, புய் தெ தோம். மூன்றையும் கோப்பியே வென்றார். இந்த மூன்று இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. அல்ப் துவேஸ் பனிச்சறுக்கு ஊர். கோடையில் வெறிச்சோடிக் கிடந்த விடுதிகளுக்கு ஆள் வரவேண்டும் என்று ஜோர்ஜ் ரஜோன் என்ற விடுதி உரிமையாளரும் உள்ளூர் வணிகர் சிலரும் பந்தய அமைப்பாளர்களோடு பேசிப் பணம் கொடுத்து அழைத்தார்கள். இத்தாலியின் செஸ்த்ரியேரே ஒரு கணவாய்தான். ஆனால் ஃபியட் நிறுவனத்தின் அன்யெல்லி குடும்பம் 1930களில் அங்கே விடுதிகள் எழுப்பிப் பனிச்சறுக்கு ஊராக்கியிருந்தது. புய் தெ தோம் அணைந்த எரிமலை. அதன் தலைக்கு 1907இல் சுற்றுலா ரயில் ஏறியது. 1926இல் ரயில் போய்க் கட்டணச் சாலை வந்தது. மூன்றுமே பொழுதுபோக்குக்காக மேலே போன சாலைகள். அங்கே படுக்கையும் மின்சாரமும் தொலைபேசியும் பந்தயத்துக்கு முன்பே வந்து காத்திருந்தன.

ஜூலை 4 அன்று லோசானிலிருந்து 266 கிலோமீட்டர் வந்து, அல்ப் துவேஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினார்கள். 13.8 கிலோமீட்டர் தூரம், சராசரிச் சரிவு 8.1 விழுக்காடு. முன்னே பாய்ந்த ழான் ரோபிக்கைப் பிடித்து, உதறி, 1 நிமிடம் 20 விநாடி முன்னதாகக் கோப்பி வென்றார். அதோடு ஒட்டுமொத்த முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையும் அவரிடம் வந்தது. முந்தைய நாள் அதை அணிந்திருந்தவர் அவருடைய சொந்த உதவியாளர் அந்திரேயா கர்ரேயா. தலைவனின் சட்டை தற்செயலாகத் தன் மேல் விழுந்துவிட்டதே என்று அந்த மனிதர் அழுதிருக்கிறார். டூரின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொடும் கண்ணீர் அது. இரண்டு நாள் கழித்து, குரோவா தெ ஃபேரையும் கலிபியேயையும் தாண்டி செஸ்த்ரியேரேயில் கோப்பி வென்றபோது, இரண்டாமவருடனான இடைவெளி 7 நிமிடம் 9 விநாடி. பாரிசில் பந்தயம் முடிந்தபோது அவருடைய ஒட்டுமொத்த முன்னிலை 28 நிமிடம் 17 விநாடி.

1 நிமிடம் 20 விநாடிக்கும் 7 நிமிடத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. உச்சி முடிவு தன்னளவில் பெரிய இடைவெளியை உண்டாக்குவதில்லை. அதற்கு முன் வரும் கணவாய்களே உண்டாக்குகின்றன. உச்சி செய்வது ஒன்றுதான். உண்டான இடைவெளியை இறக்கத்துக்குக் கொடுக்காமல் அப்படியே பூட்டிவைக்கிறது. இதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. சமதளத்தில் 45 கிலோமீட்டர் வேகத்தில் வீரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதில் போகிறது. இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினால் அதில் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் 20 கிலோமீட்டருக்கு இறங்கும்போது எதிரி காற்றல்ல, சொந்த உடல் எடை. அதை யார் முதுகும் சுமக்காது.

அல்ப் துவேஸ் அடுத்து டூருக்கு வந்தது 1976இல்தான். 24 ஆண்டு இடைவெளி. அதற்குள் பிரான்ஸே மாறியிருந்தது. 1960களிலும் 70களிலும் அரசு திட்டமிட்டுப் பனிச்சறுக்கு ஊர்களை ஆல்ப்ஸ் முழுவதும் கட்டியது. சுற்றுலாப் பேருந்துகள் ஏற அகலமான தார்ச்சாலைகள், மேலே வண்டிகள் நிற்கப் பெரிய திடல்கள்! அவற்றில் பல வேறெங்கும் போகாத முட்டுச்சாலைகள். மறுபக்க இறக்கமே இல்லாததால், பந்தயம் வந்தால் அங்கேயே முடிந்தாக வேண்டும். ஓர்சியேர்-மெர்லெத், ப்ரா-லூ, லா ப்ளாஞ் என்று சைக்கிள் ரசிகர்கள் நாவில் புரளும் பெயர்கள் பலவும் இப்படி வந்தவையே. கோடையில் விடுதி அறைகளை நிரப்ப நினைத்த கணக்கு, தான் அறியாமலே ஒரு விளையாட்டின் இலக்கணத்தைத் திருத்தி எழுதியது.

மேலே பெற்றது, கீழே இழந்தது

1971 ஜூலை 8 அன்று ஓர்சியேர்-மெர்லெத்தில் லூயிஸ் ஒகானா, எடி மெர்க்ஸை 8 நிமிடம் 42 விநாடி பின்னுக்குத் தள்ளினார். மெர்க்ஸ் தன் உச்சத்தில் இருந்த காலம். அப்படி ஒரு தோல்வியை யாரும் அவருக்கு அதுவரை தந்ததில்லை. நான்கு நாள் கழித்து, கொட்டும் மழையில் மாந்தே கணவாயின் இறக்கத்தில் ஒகானா மஞ்சள் சட்டையோடு விழுந்தார். பந்தயம் அவருக்கு அங்கேயே முடிந்தது. உச்சி கொடுத்ததை இறக்கம் பறித்த கதை.

மறுபக்கச் சான்றும் உண்டு. 1958இல் ஷார்லி கோல் மோன் வான்தூவின் உச்சியில் தனியாள் நேரப் பந்தயத்தை வென்றார். வான்தூவில் முதல் முடிவு அதுவே. 21.5 கிலோமீட்டர், 1 மணி 2 நிமிடம் 9 விநாடி. ஆனால் அந்த டூரை அவருக்கு வென்று கொடுத்தது வான்தூ அல்ல. மூன்று நாள் கழித்து, ஷார்த்ரூஸ் மலைகளின் மழையில் எல்லோரையும் உடைத்தெறிந்து, பள்ளத்தாக்கு ஊரான எக்ஸ்-லெ-பேனில் அவர் முடித்த நாள். மஞ்சள் சட்டையில் இருந்த ரஃபாயேல் ஜெமினியானி அன்று 14 நிமிடத்துக்கு மேல் இழந்தார். கீழே முடிந்த பந்தயங்களில் வீரம் குறைவு என்று நினைப்பவர்களுக்கு அந்த நாள் போதுமான மறுப்பு. உச்சி முடிவுகள் பெருகப் பெருக, வீரர்கள் கடைசி ஏற்றம்வரை பொறுத்திருக்கப் பழகிவிட்டார்கள். ஐந்து கணவாய் உள்ள நாளில் நான்கைச் சும்மா கடப்பது எனக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது.

ஆனால் பார்ப்பவர்களுக்கு உச்சி வேறொன்றைக் கொடுத்தது. நாளிதழ்க் காலத்தில் கணவாயில் நடந்ததை மறுநாள் எழுத்தாளர் சொல்லித்தான் மக்கள் அறிந்தார்கள். 1958இல் ஒபிஸ்க்கிலிருந்து முதன்முதலாகச் சாலையோர நேரலை வந்தது. கேமராவுக்கு வேண்டியது மெதுவாக நகரும் முகம். மலையுச்சி அதைத் தந்தது. 1964 ஜூலை 12 அன்று புய் தெ தோமில் ழாக் ஆங்க்தீலும் ரேமோன் பூலிதோரும் தோளோடு தோள் உரசி ஏறினார்கள். கட்டத்தை வென்றவர் ஹூலியோ ஹிமேனெஸ். ஆனால் அவரை யார் நினைக்கிறார்கள்? கடைசியில் கழன்றுபோன ஆங்க்தீல் 42 விநாடி இழந்து, வெறும் 14 விநாடி மிச்சத்தில் மஞ்சள் சட்டையைக் காத்துக்கொண்டார். ஐந்தாவது டூர் வெற்றி அவருக்கு அந்த 14 விநாடியில் இருந்தது.

சாலையோரம் நின்றவர்களும் பந்தயத்தின் பாத்திரங்களானார்கள். 1967இல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில், த்ரே சீமே உச்சிக்கு வீரர்களை ரசிகர்கள் தள்ளியே ஏற்றியதால் அந்தக் கட்டம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. வென்ற ஃபெலிசே ஜிமோந்தி வெறுங்கையோடு போனார். 1975இல் புய் தெ தோமில் ஒரு பார்வையாளர் மெர்க்ஸின் வயிற்றுப் பக்கம் குத்தினார். இரண்டு நாள் கழித்து ப்ரா-லூவில் மெர்க்ஸ் மஞ்சள் சட்டையை இழந்தார். மீண்டும் அதை அணியவே இல்லை. 2016இல் வான்தூவில் கூட்டம் அடைத்ததால் மோட்டார் சைக்கிள் நின்றது. அதில் மோதி விழுந்த கிறிஸ் ஃப்ரூம், சைக்கிள் இல்லாமல் மஞ்சள் சட்டையில் ஓடியே ஏறினார்.

வேறொரு நிழலும் உச்சியில் உண்டு. 1978இல் அல்ப் துவேஸில் வென்று மஞ்சள் சட்டையும் பெற்ற மிஷேல் பொலந்தியே, ஊக்கமருந்துச் சோதனையில் வேறு சிறுநீரைக் கொடுக்க முயன்று பிடிபட்டார். 1999 ஜிரோவில், உச்சி முடிவு ஒன்றை வென்ற மறுநாள் காலை மார்கோ பந்தானி ரத்தப் பரிசோதனையால் வெளியேற்றப்பட்டார். ஒருவர் எத்தனை நேரத்தில் எத்தனை உயரம் ஏறினார் என்ற கணக்கு யாரும் போடக்கூடியது. அதனால் மலையுச்சி அளவுகோலாகவும் ஆயிற்று. நம்பமுடியாத நேரங்கள் அங்கேதான் முதலில் கண்ணில் பட்டன.

2024 ஆகஸ்ட் 18. பெண்களுக்கான டூரின் கடைசி நாள், அல்ப் துவேஸில் முடிவு. கீழே விழுந்து நேரம் இழந்திருந்த தெமி ஃபோலரிங், மஞ்சள் சட்டையிலிருந்த காஷா நியவியதோமாவைவிட 1 நிமிடம் 15 விநாடி பின்தங்கியிருந்தார். அவர் கடைசி ஏற்றம்வரை காத்திருக்கவில்லை. முந்தைய கணவாயான கிளாந்தோனிலேயே பாய்ந்தார். அதன் இறக்கத்துக்கும் அல்ப் துவேஸுக்கும் நடுவே நீண்ட பள்ளத்தாக்குச் சாலை. நியவியதோமாவுக்கு அங்கே துணை கிடைத்தது. முதுகுகளின் மறைவில் தன் இழப்பைக் கட்டுப்படுத்தினார். பிறகு 21 வளைவுகள். உச்சியில் ஃபோலரிங் வென்றார். 1 நிமிடம் 1 விநாடி கழித்து நியவியதோமா வந்தார். வெற்றிக்கான 10 விநாடிச் சலுகையையும் கழித்துப் பார்த்தபோது மிஞ்சியது 4 விநாடி. மஞ்சள் சட்டை நியவியதோமாவிடமே இருந்தது.