பள்ளி திறந்தது, பீடம் திறந்ததா?

தா.பழூருக்கு அண்மையில்தான் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று புகழப்பட்ட இராசேந்திரன் வீற்றிருந்த தலைநகர். அம்மன்னன் கல்வி வளர்த்தான் என்று பெருமை பேசுவோர் உண்டு. வளர்த்தான், மறுப்பாரில்லை! எண்ணாயிரம் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள், தோழர்களே! 340 மாணவர், 14 ஆசிரியர், அவர்தம் உணவுக்கு நெல், நெல்லுக்கு 45 வேலி நிலம். கற்றது என்ன? வேதம், மீமாஞ்சை, வேதாந்தம், வடமொழி இலக்கணம். அந்த நெல்லை விளைவித்தவன் மகன் எந்த வரிசையில் அமர்ந்தான் என்று கேட்காதீர்கள். கல்வெட்டில் அவனுக்கு வரிசையே இல்லை.

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் உருண்டோடின. கொள்ளிடத்துக்குத் தெற்கே, கடலோரத் தரங்கம்பாடியில், 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இரு செருமானியர் கரையிறங்கினர். டேனிய மன்னன் அனுப்பிய சீகன்பால்குவும் புளுட்சாவும். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். 1707இல் பெண் குழந்தைகளுக்கும் பள்ளி கண்டார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் தந்து எழுத்தும் தந்தனர். தரங்கம்பாடியை ஆண்ட டேனிய அதிகாரி, அதுவும் ஒரு கிறித்தவன், அவரைச் சிறையில் அடைத்தான்! ஆயினும் பணி நிற்கவில்லை. 1713இல் தமிழ் அச்சு ஓடியது. 1715இல் புதிய ஏற்பாடு நூலாயிற்று. மதம் பரப்பத்தானே இத்தனையும்? ஆம், மதம் பரப்பத்தான். ஆனால், படித்தால் நாக்கை அறு என்று சொல்லும் மதத்தின் நடுவே, படித்தால்தான் மோட்சம் என்று ஒரு மதம் வந்து நின்றது. மோட்சம் கிடைத்ததோ இல்லையோ, எழுத்துக் கிடைத்தது.

அந்த எழுத்து ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்பதைக் கேளுங்கள். அவர் பெயர் இராசநாயக்கன். தஞ்சை மன்னர் படையில் வீரர், பிறப்பால் கத்தோலிக்கர், 'பறையர்' என ஒதுக்கப்பட்ட குலத்தவர். தரங்கம்பாடியில் அச்சான நூல் அவர் கைக்கு எட்டியது. படித்தார், சிந்தித்தார், வாளை வைத்துவிட்டு உபதேசியாரானார். அவரால் சபையில் சேர்ந்தோர் பலர். குருப்பட்டம் தர வேண்டிய வேளை வந்தது. அறிவில் குறையா? இல்லை. ஒழுக்கத்தில் பழுதா? அதுவும் இல்லை. பின் என்ன தடை? அவர் கையால் அப்பமும் இரசமும் வாங்க மேல்சாதிக் கிறித்தவர் இசையமாட்டாராம்! பாதிரிமார் கூடிப் பேசினர், சாதி வென்றது. 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று.

பூணூலை விட்டோம், விபூதியை விட்டோம் என்றவர்கள், சாதியை மட்டும் ஞானத்தொட்டியில் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்! ஐதர் படையெடுப்பின்போது பசியால் மடிந்த தஞ்சை மக்களுக்கு நெல் திரட்டிச் சோறிட்டார் சுவார்ட்சு பாதிரியார். அவர் வாக்கை நம்பி உழவர் தானியம் கொடுத்தனர். பஞ்சத்தைத் தணித்த அந்தத் திருச்சபையிலும் இருக்கை தனித்தனியாகத்தான் இருந்தது.

1833இல் ஆங்கிலப் பேராயர் தானியேல் வில்சன், கோயிலுக்குள் சாதி கூடாது, உடனே ஒழிக என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறித்தவர் பலர் சினந்து வெளியேறினர். ஏசுவை விட்டாலும் சாதியை விடோம் என்னும் உறுதி!

இராசநாயக்கன் இந்த ஆணையைக் காணவில்லை. கடைசிவரை உபதேசியாராகவே உழைத்து, 1771இல் மறைந்தார். ஆணை பிறந்தபோது அவர் மண்ணுக்குள் போய் 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.