துடைப்பத்தில் தொடங்கும் ஆட்டம்: திருவண்ணாமலையை முன்வைத்து உள்ளூர் விளையாட்டுக் கழகங்கள்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை திருவண்ணாமலையில் கபடிக்குக் களம் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பையன்கள் முதலில் கையில் எடுப்பது துடைப்பத்தை. 14 கி.மீ. கிரிவலப் பாதையைச் சுற்றிப் போன கூட்டம் விட்டுச்சென்ற தண்ணீர்ப் பாட்டில் மூடி, பாக்குமட்டைத் தட்டு, அறுந்த செருப்பு எல்லாவற்றையும் ஓரமாகக் கூட்டித் தள்ளுகிறார்கள். நான்கு மூலையிலும் ஆணி அடித்து, சணல் கட்டி, 13க்கு 10 மீட்டர் அளந்து, சுண்ணாம்புத் தூளைத் தூவுகிறார்கள். ஒருவன் மட்டும் வெறுங்காலால் மண்ணைத் தடவியபடி குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். கல் பொறுக்குவது அவன் வேலை. முந்தின வாரம் முழங்கால் கிழிந்தவனும் அவன்தான்.

உள்ளூர் விளையாட்டுக் கழகங்களின் பயனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பதக்கத்தில் தொடங்கி வேலைவாய்ப்பில் முடிப்பது வழக்கம். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதால் அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு குழுவில் பத்தாண்டுகளில் ஆடிச் சென்றவர்களையும் அவர்களில் வேலை பெற்றவர்களையும் எண்ணிப் பார்த்தால், இந்த அளவுகோல் பெரும்பாலானவர்களைக் கணக்கிலேயே சேர்க்காது. மாவட்ட அளவைத் தாண்டாத ஒருவன், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து வந்து ஞாயிறு ஆடிவிட்டுத் திரும்புவது எதற்காக? பரம்பரை உரிமையோ சொத்தோ இல்லாத இளைஞர்கள் கூடிச் செலவு செய்யவும், வெளியூராரை உபசரிக்கவும், ஊருக்குக் கணக்குச் சொல்லவும் பழகுகிற இடம் கழகம்; அதன் முதல் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

கோயில் நகரத்தில் இந்த வாதத்துக்குத் தனிப் பொருள் உண்டு. கார்த்திகைத் தீபத் திருவிழா 10 நாள். ஏழாம் நாள் தேர், பத்தாம் நாள் 2,668 அடி மலையுச்சியில் தீபம். தமிழகத்தில் இத்தகைய விழாக்களைத் தாங்கி நிற்பவை உபயமும் மண்டகப்படியும். இந்த நாள் செலவு இந்தக் குடும்பத்துக்கு, இந்தச் சாதியாருக்கு, இந்த வணிகர்களுக்கு என்று வகுத்திருக்கும். செலவு ஏற்பவருக்கு மாலையும் பரிவட்டமும். மின்னொளிக் கபடிப் போட்டிக்கு அடிக்கும் பிளெக்ஸைப் படித்துப் பாருங்கள், இதே இலக்கணம்தான். முதல் பரிசு ஒருவர், தகப்பனார் நினைவாகச் சுழற்கோப்பை இன்னொருவர், மைக்செட் ஒருவர், இரவுச் சாப்பாடு ஒருவர். பரிவட்டத்தின் இடத்தில் பொன்னாடை. மண்டகப்படி உரிமை பெரும்பாலும் வழிவழியாக வருவது. போட்டியின் நான்காம் பரிசையோ அடுத்த ஆண்டு ஓர் ஆட்டோக்காரர் ஏற்றுக்கொள்ளலாம். ‘உங்கள் பாட்டனார் யார்’ என்று யாரும் கேட்பதில்லை. பழைய வடிவத்துக்குள் நுழைந்த இந்தச் சிறிய மாற்றத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த நகரை நாம் ஆட்டத்தோடு அல்ல, தியானத்தின் அசையாமையோடு சேர்த்தே நினைக்கிறோம். 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்து பிற்காலத்தில் ரமணர் ஆன வேங்கடராமன், மதுரையில் கால்பந்திலும் குஸ்தியிலும் நீச்சலிலும் நாட்டமுள்ள பள்ளிப் பையனாக இருந்தவர். அவருடைய ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் இந்தத் தகவலைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுத் தியான மண்டபத்துக்குள் போய்விடுவார்கள். உள்ளூர்ப் பையன்களுக்கோ அது சற்று உறவு கொண்டாட வேண்டிய செய்தி.

‘கழகம்’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. திருக்குறளின் சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடம். இன்று விளையாட்டு, கட்சி, பதிப்பகம் எல்லாவற்றுக்கும் மரியாதைப் பெயர். பழைய பொருள் முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது: டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் பணம் கட்டி ஆடும் ‘பெட் மேட்ச்’ நடப்பது ஊரறிந்தது. சட்டத்தின் கண்ணில் கழகம் என்பது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்வது. கபடியில் களத்தில் நிற்பதும் ஏழு பேர். தற்செயல்தான். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவரை முன்னிறுத்தி மினிட் புத்தகம் எழுதத் தொடங்கும்போதுதான் ‘நண்பர்கள் குழு’ கழகம் ஆகிறது.

கழகத்தின் உண்மையான தேர்வு, போட்டி நடத்தும் இரவு. முப்பது நாற்பது குழுக்கள் நுழைவுக் கட்டணம் கட்டி வருகின்றன. செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் வந்தவர்கள் தோற்றுப்போனால் நள்ளிரவில் திரும்ப பஸ் கிடையாது. பள்ளித் தாழ்வாரத்தில் பாய் விரிக்க வேண்டும்; சாம்பார் அடிப்பிடிக்காமல் பார்க்க வேண்டும்; ‘போனஸ் கோட்டைத் தொட்டான், தொடவில்லை’ என்று மல்லுக்கு நிற்கும் இரண்டு ஊரையும் மைக்கில் பேசியே உட்கார வைக்க வேண்டும். தோற்றவர்களுக்குத்தான் முதல் பந்தி என்று ஒரு பெரியவர் ஒருமுறை சத்தம் போட்டதைக் கேட்டேன். ஜெயித்தவனுக்குப் பசிக்காதாம். அமெரிக்க அறிஞர் ராபர்ட் புட்னம் 2000-இல் வெளியிட்ட நூலில், மக்கள் சங்கமாகச் சேர்ந்து ஆடுவதை விட்டுத் தனித்தனியே பவுலிங் உருட்டுவதை அந்நாட்டுச் சமூகப் பிணைப்பின் தேய்வுக்கு அடையாளமாக்கினார். அவர் சொல்லும் பிணைப்பு இங்கே சாப்பாட்டுப் பந்தியில்தான் உருவாகிறது. ஆட்டம் அதற்கு அழைப்பிதழ்.

இதைக் கொண்டாடும்போது கசப்பான பகுதியை மறைக்கக் கூடாது. ஊருக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு என்ற பிரிவினை பல இடங்களில் அப்படியே களத்துக்கும் வந்துவிடுகிறது. ஆட்டத்தில் பட்ட தோல்வி தெருச் சண்டையாகத் திரும்புகிறது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்வை அடியொற்றி மாரி செல்வராஜ் 2025-இல் எடுத்த ‘பைசன் காளமாடன்’ இந்தக் காயத்தின் மீதே நிற்கிறது. எனினும் நல்ல ரைடர் எந்தத் தெருவில் இருந்தாலும் அவனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் அழுத்தமும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எப்போதாவது சாதியை விட வலுவாகிவிடுகிறது. அந்த ‘எப்போதாவது’ போதாது. ஆனால் அதுகூட வாய்க்காத சங்கங்கள் ஊரில் நிறைய.

பெண்கள் விஷயத்தில் இந்த நகரம் பின்தங்கித்தான் இருக்கிறது. இரவுப் போட்டியில் பெண்கள் நாற்காலி வரிசையில் அமர்வதே புதிது. இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு: சென்னை கண்ணகி நகர், ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம். அங்கே உள்ளூர்ப் பயிற்சியில் வளர்ந்த கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் இருந்தார். வசதி வந்த பிறகு பெண்களுக்கு இடம் தரலாம் என்று சொல்லும் கழகங்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

ஆடுகளத்தின் மதிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து, 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர். ஊரில் அவர் கட்டிய கிரிக்கெட் மைதானம் 2023-இல் திறக்கப்பட்டது. புகழ் அடைந்தவர் ஊருக்குத் திருப்பித் தர நினைத்தபோது தந்தது நிலம். யாழ்ப்பாணத்தில் ஊர்தோறும் விளையாட்டுக் கழகமும் சனசமூக நிலையமும் அடுத்தடுத்து இயங்குவதும், போரில் சிதறியவர்கள் டொராண்டோவிலும் லண்டனிலும் அதே ஊர்ப் பெயர்களில் கழகம் நடத்துவதும் இதன் மறுபக்கம். சிதறியவர்களுக்கு மைதானம் போன பிறகும் பெயர் தங்கியது.

திருவண்ணாமலையின் சிக்கல் பெயரில் இல்லை, நிலத்தில்தான். தமிழக அரசு 12,525 ஊராட்சிகளுக்கும் 33 வகைப் பொருள்கள் கொண்ட ‘கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்’ தொகுப்பை 2024-இல் வழங்கத் தொடங்கியது. நல்ல திட்டம், ஆனால் பெட்டியின் சாவியை யார் வைத்திருப்பது, கிழிந்த வலையை யார் தைப்பது என்பதற்கு விடை சொல்ல ஒரு கழகம் வேண்டும், கழகத்துக்கு ஒரு மைதானம் வேண்டும். தீபத்துக்குப் பேருந்துகள் நிற்கவும் வண்டிகள் ஒதுங்கவும் காலி இடம் தேவை என்பதை மறுக்க முடியாது. நகரம் 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது; காலி மனை ஒவ்வொன்றும் விடுதியாகிக்கொண்டிருக்கிறது. ஆடுகளத்தை ‘காலி இடம்’ என்று பதிவேட்டில் எழுதும்வரை அதைக் காப்பாற்ற முடியாது. மாநகராட்சி செய்யக்கூடிய மிக மலிவான உதவி, அந்தச் சொல்லை ‘விளையாட்டுத் திடல்’ என்று மாற்றி எழுதுவது.

ஒரு கழகத்தின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. மூன்று வெவ்வேறு கையெழுத்து, அதாவது மூன்று பொருளாளர்கள். சுண்ணாம்புத் தூள், டியூப்லைட் வாடகை, நடுவர் படி, வெளியூர் டீம் சாப்பாடு. கார்த்திகை மாதப் பக்கத்தில் ஆட்டம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பதிவு: ‘துடைப்பம் 4’. அதற்குக் கீழே, வேறு மையில், ‘2 காணோம்’.