ஸ்பைடர்மேன் ஆறுமுகமும் எழுபதுகளின் காற்பந்தும்: மறக்கக் கூடாத பெயர்கள், மறக்க முடியாத ஆட்டங்கள்

செமினி: ஸ்பைடர்மேன் யார் என்று இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் திரைப்படத்தைச் சொல்வார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது அறுபதைத் தாண்டியவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பலரும் "நம்ம ஆறுமுகம்" என்பார்கள்.

சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக நின்ற ஆர். ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. அவர் ஆடியதை மெர்டேக்கா அரங்கில் நேரில் கண்டவர்களும், வானொலியில் கேட்டவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அவர்கள் போன பிறகு பேரப்பிள்ளைகளுக்கு யார் சொல்வது? அதற்காகவே அந்தப் பத்தாண்டின் ஆட்டங்களையும் ஆட்டக்காரர்களையும் இங்கே ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறோம்.

சம்பளத்துக்கு ஆடாத காலம்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எழுபதுகளில் மலேசியாவில் காற்பந்து ஒரு தொழிலாக இல்லை. பகுதிநேரத் தொழில்முறை லீக் 1989-ல்தான் வந்தது. முழுத் தொழில்முறை 1994-ல் தொடங்கியது. அதற்கு முன் நாட்டுக்காக ஆடியவர்கள் அரசாங்க இலாகாவிலோ வங்கியிலோ நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே பயிற்சிக்குப் போனவர்கள்.

சம்பளத்துக்கு ஆட விரும்பியவர்கள் வெளிநாடு போக வேண்டியிருந்தது. ஆசியாவின் தலைசிறந்த கோல் காவலர் என்று பெயர் பெற்ற சாவ் சீ கியோங்கும், மத்தியத் திடல் ஆட்டக்காரர் வோங் சூன் வாவும் ஹாங்காங் போய் ஆடினார்கள். உள்ளூரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது பெயரும், அலவன்ஸும், வேலை இடத்தில் கொஞ்சம் சலுகையும்தான். அந்தக் கால ஆட்டக்காரர்கள் பலர் ஓய்வுக்குப் பிறகு சிரமப்பட்டதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

ஆண்டு வாரியாக முக்கிய ஆட்டங்கள்

1971: சியோல். மியூனிக் ஒலிம்பிக்கிற்கான ஆசியத் தகுதிச் சுற்று தென் கொரியாவின் தலைநகரில் நடந்தது. மலேசியா ஜப்பானை 3-0, தைவானை 3-0, பிலிப்பைன்ஸை 5-0 என்று வென்றது. உபசரணை நாடான தென் கொரியாவை 1-0 என்று வீழ்த்தியது. அந்த ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் சைட் அகமட். நான்கு ஆட்டங்களில் 12 கோல் போட்டு, ஒரு கோல்கூட வாங்காமல் மலேசியா தகுதி பெற்றது.

1972: மியூனிக். மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக்கில் ஆடிய ஒரே தடவை இது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றாலும், அமெரிக்காவை 3-0 என்று வென்றது. ஒலிம்பிக் காற்பந்தில் இன்றுவரை மலேசியா பெற்ற ஒரே வெற்றி அதுதான்.

1973, 1974, 1976: மெர்டேக்கா கிண்ணம். 1957-ல் தொடங்கிய இந்தப் போட்டிக்கு அந்நாளில் தென் கொரியா, ஜப்பான், பர்மா, இந்தோனேசியா போன்ற ஆசியாவின் பெரிய குழுக்கள் வந்து ஆடின. அத்தகைய போட்டியில் மலேசியா இந்த மூன்று ஆண்டுகளிலும் வாகை சூடியது.

1974: தெஹ்ரான். ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் வட கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா வெண்கலம் பெற்றது. 1962-க்குப் பிறகு கிடைத்த இரண்டாவது வெண்கலம் இது. அதற்குப் பின் ஆசியப் போட்டியில் நம் காற்பந்துக் குழு பதக்கம் எதுவும் பெறவில்லை.

1975: ஆர்செனல் வருகை. மே மாதத்தில் இங்கிலாந்தின் ஆர்செனல் குழு கோலாலம்பூர் வந்து சிலாங்கூருடன் மோதியது. சிலாங்கூர் 2-0 என்று வென்றது. இரண்டு கோலையும் போட்டவர் மொக்தார் டஹாரி.

1977, 1979: சீ விளையாட்டுத் தங்கம். 1977-ல் கோலாலம்பூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தை 2-0 என்றும், 1979-ல் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை அதன் சொந்தத் திடலிலேயே 1-0 என்றும் மலேசியா வென்றது. ஜகார்த்தாவில் வெற்றி கோல் மொக்தாருடையது.

1978: இங்கிலாந்து 'பி' குழு. பாபி ராப்சன் அழைத்து வந்த இங்கிலாந்து 'பி' குழுவுடன் மெர்டேக்கா அரங்கில் நடந்த ஆட்டம் 1-1 என்று முடிந்தது. திடலின் நடுப்பகுதியிலிருந்து பந்தைக் கொண்டு போய், தற்காப்பு ஆட்டக்காரர்களைக் கடந்து மொக்தார் போட்ட கோலை அந்தக் காலத்து ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

மலேசியக் கிண்ணம். 1970 முதல் 1979 வரை நடந்த பத்துப் போட்டிகளில் சிலாங்கூர் ஏழு முறை வென்றது: 1971, 1972, 1973, 1975, 1976, 1978, 1979. மீதி மூன்றும் பேராக் (1970), பினாங்கு (1974), சிங்கப்பூர் (1977) குழுக்களுக்குப் போயின. 1975, 1976, 1978, 1979 ஆகிய நான்கு இறுதி ஆட்டங்களிலும் சிலாங்கூரிடம் தோற்றது சிங்கப்பூர்தான். எழுபதுகளில் சிலாங்கூர்க்காரராக இருந்தவருக்கு சிங்கப்பூர் என்ற பெயரைக் கேட்டாலே ரத்தம் சூடேறியதற்கு இதுதான் காரணம்.

1980 ஏப்ரல் 6: வென்றும் போக முடியாத ஒலிம்பிக்

கணக்குப்படி இது அடுத்த பத்தாண்டு. ஆனாலும் எழுபதுகளின் குழு ஆடிய கடைசிப் பெரிய ஆட்டம் என்பதால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்று மெர்டேக்கா அரங்கில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரணி மறுபடியும் தென் கொரியா. ஆட்டம் 1-1 என்று இருந்தபோது, முடிய சில நிமிடங்களே இருக்கையில், ஹசான் சானி தள்ளிக் கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். மலேசியா 2-1 என்று வென்று ஒலிம்பிக் தகுதி பெற்றது. இந்த இருவரும் சபாவிலிருந்து வந்தவர்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஆறுமுகம்.

ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து பல நாடுகள் மாஸ்கோ போட்டியைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. நமக்குப் பதிலாக ஈராக் போய் ஆடியது. 1980-க்குப் பிறகு மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை. அதனால் ஆறுமுகத்தின் ஒலிம்பிக் கனவு அந்த ஏப்ரல் இரவோடு நின்றுபோனது.

2016-ல் வெளியான 'ஓலா போலா' மலாய்ப் படம் இந்த வெற்றியை அடிப்படையாகக் கொண்டது. அதில் வரும் முத்து என்ற தமிழ்க் கோல் காவலரைப் பார்த்த பெரியவர்களுக்கு ஆறுமுகம் நினைவுக்கு வந்தார். படம் கற்பனை கலந்தது. முத்துவின் கதையை ஆறுமுகத்தின் வாழ்க்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம்மவர்கள்

ஆர். ஆறுமுகம். 1953-ல் பிறந்தவர். நீண்ட கைகளால் எட்டாத பந்தையும் எட்டிப் பிடித்ததால் ஸ்பைடர்மேன் என்ற பட்டப்பெயர் கிடைத்தது. இருபது வயதை ஒட்டியே தேசியக் குழுவுக்குள் வந்து, பத்தாண்டுக்கு மேல் அந்த இடத்தைக் காத்தார்.

எம். சந்திரன். சிலாங்கூரின் தற்காப்பு ஆட்டக்காரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியவர். தேசியக் குழுவின் தலைவராகவும் பொறுப்பு வகித்தவர். பல இனத்தவர் ஆடிய மலேசியக் குழுவை ஒரு தமிழர் வழிநடத்தினார் என்பது இன்றைய இளைஞர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

கே. ராஜகோபால். சிலாங்கூரின் முன்னணி ஆட்டக்காரர். எழுபதுகளின் இறுதியில் தேசியக் குழுவுக்கு ஆடினார். அவருடைய பெரிய சாதனை பயிற்றுநராக வந்தது. 2009 சீ விளையாட்டில் தங்கமும், 2010-ல் ஆசியான் நாடுகளுக்கான சுசுகி கிண்ணமும் அவர் பயிற்சியில் கிடைத்தவை. அந்த 2010 இறுதிச் சுற்றில் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்ற மலேசியா, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கோல் கணக்கில் 4-2 என்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. எஸ். குணாளன் அந்தக் குழுவில் ஆடினார்.

உடன் ஆடிய மூவர்

இவர்களைப் பற்றிப் பேசும்போது மூன்று பெயர்களை விட்டுவிட முடியாது. மொக்தார் டஹாரி, 'சூப்பர் மொக்'. செத்தாப்பாக்கைச் சேர்ந்த இவர் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயால் 1991 ஜூலை 11 அன்று 37 வயதில் இறந்தார். சோ சின் ஆன், 'தவுக்கே' என்று அழைக்கப்பட்ட மலாக்காக்காரர், குழுவின் தலைவர். சந்தோக் சிங், அவருக்குப் பக்கத்தில் தற்காப்பில் நின்றவர், மொக்தாரின் இளமைக்கால நண்பர்.

ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், கோல் வாயிலில் ஒரு தமிழர். யாரும் திட்டமிட்டு இன வாரியாகப் பொறுக்கியதல்ல. திறமையைப் பார்த்து எடுத்ததில் அப்படி அமைந்தது.

எண்ணிக்கை ஏன் இடிக்கிறது?

இந்த ஆட்டக்காரர்களைப் பற்றிப் படிக்கும்போது ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண்ணிக்கைகள் கண்ணில் படும். இதில் குழம்ப வேண்டாம். அக்காலத்தில் மலேசியக் குழு வெளிநாட்டுக் கிளப்புகளுடனும் 'பி' குழுக்களுடனும் நிறைய ஆடியது. உள்நாட்டுக் கணக்கில் அவையும் சேர்ந்தன. அனைத்துலகக் காற்பந்து சம்மேளனமான ஃபிஃபா, இரு நாடுகளின் முதல்நிலைக் குழுக்கள் மோதிய ஆட்டங்களை மட்டுமே எண்ணுகிறது.

ஃபிஃபா ஏற்றுக்கொண்ட கணக்கின்படி மொக்தார் 142 ஆட்டங்களில் 89 கோல் போட்டவர். சோ சின் ஆன் 195 ஆட்டங்கள் ஆடியவர். 1978-ல் இங்கிலாந்து 'பி' குழுவுக்கு எதிராகப் போட்ட புகழ்பெற்ற கோலும், ஆர்செனலுக்கு எதிரான இரண்டு கோலும் அந்த 89-ல் சேராது.

திடல்கள் எங்கே போயின?

காஜாங்கிலிருந்து சிரம்பான் போகும் பழைய சாலையில் செமினி வழியாகப் போகிறவர்களுக்கு இன்று கண்ணில் படுவது வீடமைப்புப் பகுதிகளும் கடை வரிசைகளும். ஒரு காலத்தில் இந்தச் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள். பெரிய தோட்டங்களில் லயத்துக்கும் கோயிலுக்கும் அருகே ஒரு திடல் இருக்கும். மாலையில் வேலை முடிந்ததும் பையன்களும் பெரியவர்களும் அங்கேதான். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு குழு, ஒரு ஜெர்சி, வருடத்துக்கு ஒரு கிண்ணம். காலணி இல்லாமல் ஆடியவர்களே அதிகம்.

தோட்ட நிலங்கள் விற்கப்பட்டு மேம்பாட்டுக்குப் போனபோது லயமும் திடலும் சேர்ந்தே போயின. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. காசில்லாமல் தினமும் ஆடக் கிடைத்த இடம் போய், மாதக் கட்டணம் கட்டிப் பிள்ளையை அகாடமிக்கு அனுப்பும் நிலை வந்தது. தேசியக் குழுவில் நம்மவர் பெயர் குறைந்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. திடல் போனதை அந்தப் பட்டியலின் முதல் வரியில் வைக்க வேண்டும்.

மீண்டெழும் முயற்சிகளும் நடந்தன. இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழி உருவான மிஃபா குழு படிப்படியாக மேலேறி, 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் நாட்டின் முதல்நிலை சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகியது. உள்ளூர் இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுத்த அந்த மேடையும் இல்லாமல் போனது.

நாம் செய்யக் கூடியது

தேசியக் குழுவின் வரலாறு எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். தோட்டக் குழுக்களின் வரலாறு அப்படியல்ல. அது தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்திலும், வீட்டு அலமாரிகளில் உள்ள கறுப்பு வெள்ளைப் படங்களிலும்தான் இருக்கிறது. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-ல் நின்றுவிட்டது. படங்களில் இருப்பவர்களை அடையாளம் காட்டக் கூடியவர்களுக்கும் வயதாகிவிட்டது.

வீட்டில் பழைய குழுப்படம் இருந்தால் இந்த வாரமே பெரியவர்களிடம் காட்டுங்கள். நிற்பவர், உட்கார்ந்திருப்பவர் என்று இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, எந்தக் கிண்ணம், யாருடன் மோதினார்கள் என்பதையும் சேர்த்து, படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதிவையுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கத்துக்குக் கசியும். பிறகு இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து உறவினர்களுக்கு அனுப்பிவையுங்கள். ஒரு பிரதி தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும்.

அக்கால மலேசியக் கிண்ண ஆட்டங்களைத் தேடுபவர்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பைப் பார்க்கலாம். சிங்கப்பூர் அந்தப் போட்டியில் ஆடியதால் அங்குள்ள பத்திரிகைகள் விரிவாக எழுதின. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு.

நாட்டைப் பிரதிநிதித்த முன்னாள் விளையாட்டாளர் யாராவது உங்கள் வட்டாரத்தில் நோயிலோ வறுமையிலோ இருந்தால், யாக்கெப் எனப்படும் தேசிய விளையாட்டாளர் நல அறவாரியத்தை அணுகச் சொல்லுங்கள். உதவி இருக்கிறது என்பதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. கூச்சத்தால் கேட்காமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது கைதட்டலைவிடப் பெரிய மரியாதை.