விசைப்பலகையும் உடலும்: சில குறிப்புகள்

பழைய சிற்றிதழ் ஒன்றின் தொகுப்பைத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலையைப் போன வருஷம் ஒத்துக்கொண்டேன். மூன்றாவது மாதம் வலது மணிக்கட்டு டம்ளரைக்கூடத் தூக்கமாட்டேன் என்றது. வேலை கொடுத்தவரிடம் சொன்னபோது 'நாலு நாள் ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்' என்றார். வலி என்னுடையது, ஓய்வும் என் செலவு. பலகை மட்டும் அவருடையது. அதை வாங்கும்போது அவர் பார்த்தது விலையை. சரி, கைக்கு நல்ல பலகை எதுவென்று பார்ப்போம் என்று தேடப்போய் ஒரு வரலாற்றுக்குள் விழுந்தேன். தட்டச்சு செய்கிற தோழர்களுக்கு அது உதவலாம் என்றே இந்தக் குறிப்புகள்.

இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, தொழில்நோய்கள் பற்றிய தன் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைச் சேர்த்தார். நோய்க்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை ஒரே விதமாக அசைந்துகொண்டிருத்தல், மனம் இறுகியிருத்தல். வலக்கை விழுந்துபோன ஓர் எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகினார். பிறகு அதுவும் விழுந்தது. இறகுப்பேனா காலத்துச் சங்கதி இது. கருவியை மாற்றினால் எல்லாம் தீரும் என்று நம்புகிறவர்கள் அந்த இரண்டாவது கையை நினைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவின் மில்வாக்கியில் ஷோல்ஸும் நண்பர்களும் உருவாக்கிய தட்டச்சுப் பொறியை 1874இல் ரெமிங்டன் சந்தைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. பொறியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல். அவை ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க விசை வரிசைகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி அடுக்கினார்கள். கணினியில் நெம்புகோல் கிடையாது. ஆனாலும் நம் பலகைகளில் அந்தக் கோணல் அப்படியே இருக்கிறது. இரும்பு போய்விட்டது, இரும்புக்காக வளைந்த விரல் இன்னும் வளைந்தே கிடக்கிறது. பள்ளிக்கூடம் எழுதுகிற பிள்ளையின் முதுகையும் முழங்கையையும் எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவந்தது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 'ஏ எஸ் டி எஃப்' அடித்து லோயர், ஹையர் தேறியவர்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்புகளும் இருந்தன. 1926இல் ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க், பலகையை நடுவில் பிளந்து இரு கைக்கும் பிரித்துத் தரலாம் என்றார். 1936இல் அமெரிக்கரான டுவோராக் உயிரெழுத்துக்களை இடக்கைக்கும், அதிகம் வரும் மெய்களை வலக்கைக்கும் ஒதுக்கிய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கைகள் மாறி மாறி உழைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அது உண்மையிலேயே வேகமானதா என்ற சண்டை பொருளியலாளர்களிடையே 1985க்குப் பிறகு பெரிதாக நடந்தது. கவனிக்க வேண்டியது, சண்டை முழுக்க வேகத்தைப் பற்றியது. வலிக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பெரிய இடமில்லை.

தமிழுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையாவின் தட்டச்சுப் பொறி 1930களில் வந்தது. அந்த முறையில் 'கொ' என்று அடிக்கக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் க, ஒ என இரண்டு தட்டு போதும். 'க்க' என்பதற்கு ககரத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். இதிலும் உயிர் இடக்கையில், மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். ஆனால் ஆங்கிலக் கணக்கு தமிழுக்கு அப்படியே பொருந்தவில்லை. அகரமேறிய மெய்க்குத் தனியாக உயிர் தட்ட வேண்டாம் என்பதால் 'கடல்' என்ற சொல்லில் மூன்று எழுத்தும் வலக்கை மேல் விழுகின்றன. இடக்கைக்குப் புள்ளி மட்டும்தான். என் வலது மணிக்கட்டு முதலில் ஏன் விழுந்தது என்பது அப்போதுதான் பிடிபட்டது. தட்டுகள் குறைந்தது லாபம்தான். சுமை சமமாகிவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது.

1980களில் ஆஸ்திரேலியாவில் ஏராளமான விசைப்பலகைத் தொழிலாளர்கள் கைவலி என்று புகார் செய்தார்கள். பெண்களே அதிகம். சில மருத்துவர்கள் அதை மனக்கோளாறு என்றார்கள். வலிக்குதுன்னு சொல்கிற பெண்ணின் உடம்பை நம்பாமல் இருப்பது எந்த ஊரிலும் சுலபம்.

இனி பலகை. மலிவான பலகைகளில் விசைக்கு அடியில் ரப்பர் குமிழ். பெரும்பாலும் அடிவரை அழுத்தியாக வேண்டும். மெக்கானிக்கல் பலகையில் விசைக்கொரு சுருள்வில். செர்ரி சிவப்பு வகையில் மொத்தம் 4 மில்லிமீட்டரில் 2 மில்லிமீட்டர் இறங்கினாலே எழுத்து பதிந்துவிடும், சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். பழக்கத்தில் ஓங்கி ஓங்கிக் குத்தினால் இந்த லாபமும் இல்லை. பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை மணிக்கட்டை மேல்நோக்கி ஒடிக்கின்றன. எண்பகுதி இல்லாத பலகையில் மவுஸ் கைக்குப் பக்கத்தில் வரும். தோள் அகலமானவர்களுக்குப் பிளவுபட்ட பலகை உதவும். முழங்கை உயரத்துக்கு மேஜை இருக்கட்டும். மரத்துப்போதலோ கூச்சமோ தொடர்ந்தால் பலகை வாங்குவதை விட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நான் எண்பகுதி இல்லாத மெக்கானிக்கல் பலகை ஒன்று வாங்கினேன். வலி பாதி குறைந்தது. மீதிப் பாதி, மணிக்கொரு முறை எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது. ரமஸ்ஸினியின் மூன்று காரணங்களில் பலகை தொடுவது ஒன்றைத்தான். மற்ற இரண்டும் வேலைநேரமும் கெடுவும் சம்பந்தப்பட்டவை. அவை கடையில் கிடைக்காது. அடுத்த தொகுப்புக்குக் கூலி பேசியபோது பலகையின் விலையையும் ஓய்வு நேரத்தையும் சேர்த்தே கேட்டேன். 'இதெல்லாம் புதுசா இருக்கே' என்றார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.