‘டியர் மாமா’: தாயைப் போற்றிய ராப் பாடலில் ஒலிக்கும் தந்தையின் பிரிவு

அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூரின் ‘டியர் மாமா’ பாடல் 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளியானது. ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘மாமா’ என்பது அம்மாவைக் குறிக்கும். தாய்க்கு நன்றி கூறும் பாடலாக அறியப்பட்டாலும், உடனிருந்து வளர்க்காத தந்தை மீதான கோபமும் இதில் வெளிப்படையாகப் பதிவாகியுள்ளது.

குடும்பப் பின்னணி

டூபாக்கின் தாய் அஃபெனி ஷகூர், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய ‘பிளாக் பாந்தர்’ கட்சியின் நியூயார்க் பிரிவைச் சேர்ந்தவர். குண்டுவெடிப்புச் சதி வழக்கில் கைதான அவர், கர்ப்பிணியாக இருந்த நிலையிலும் நீதிமன்றத்தில் தமக்காகத் தாமே வாதாடினார். 1971 மே மாதம் அவர் விடுவிக்கப்பட்டார். அடுத்த மாதம், ஜூன் 16-ஆம் தேதி டூபாக் பிறந்தார்.

தந்தை பில்லி கார்லண்டும் அதே இயக்கத்தில் இருந்தவர். எனினும், மகனின் சிறு வயதிலேயே அவருடனான தொடர்பு அறுந்துபோனது. வளர்ப்புத் தந்தை முட்டுலு ஷகூர், கொள்ளை வழக்கில் பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்து 1986-இல் கைதானார். வறுமையில் தனியாகக் குழந்தைகளை வளர்த்த அஃபெனி, ஒரு கட்டத்தில் போதைப் பழக்கத்துக்கும் ஆளானார்.

பாடல் கூறுவது

தாயின் போதைப் பழக்கத்தையும் வீட்டின் வறுமையையும் டூபாக் மறைக்கவில்லை. அவற்றுக்கு இடையிலும் தம்மை வளர்த்ததற்காகவே அவரைப் போற்றுகிறார். தந்தையைத் தேடிய சிறுவனுக்குத் தெருவில் போதைப்பொருள் விற்றவர்களிடமிருந்தே அன்பு கிடைத்தது என்கிறார். தந்தை இறந்துவிட்டதாகவும், அந்நியராகிவிட்ட ஒருவருக்காகக் கண்ணீர் வரவில்லை என்றும் பாடுகிறார்.

உண்மையில் கார்லண்ட் உயிருடன் இருந்தார். 1994 நவம்பர் 30-ஆம் தேதி நியூயார்க்கில் துப்பாக்கிச்சூட்டில் காயமடைந்த டூபாக்கைக் காண அவர் மருத்துவமனைக்கு வந்தார். அடுத்த மூன்று மாதங்களுக்குள் பாடல் வெளியானபோது, தந்தை இறந்துவிட்டதாகக் கூறும் அந்தப் பகுதி அப்படியே இடம்பெற்றிருந்தது. பெற்ற தந்தையை இறந்தவராகவே எண்ணி வளர்ந்த மகனின் மனநிலைக்கு அது சான்றாக நிலைத்துவிட்டது.

இசையும் வரவேற்பும்

டோனி பிசாரோ தயாரித்த இப்பாடலில், ஜோ சாம்பிலின் இசைத் துணுக்கும், தாயைப் பற்றி ‘தி ஸ்பின்னர்ஸ்’ குழு 1974-இல் வெளியிட்ட ‘சேடி’ பாடலின் சாயலும் பயன்படுத்தப்பட்டுள்ளன. பாடல் வெளியானபோது பாலியல் குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டு டூபாக் சிறையில் இருந்தார். அதனால் காணொளியில் அவர் நேரில் நடிக்க இயலவில்லை; தாய் அஃபெனி தோன்றினார்.

பில்போர்டு ‘ஹாட் 100’ பட்டியலில் பாடல் 9-ஆம் இடம் வரை முன்னேறியது. இப்பாடல் இடம்பெற்ற ‘மீ அகைன்ஸ்ட் தி வேர்ல்டு’ ஆல்பம், அவர் சிறையில் இருந்தபோதே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

தேசிய அங்கீகாரம்

1996 செப்டம்பர் 13-ஆம் தேதி, துப்பாக்கிச்சூட்டில் அடைந்த காயங்களால் டூபாக் தமது 25-ஆவது வயதில் உயிரிழந்தார். 2010-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டில் இப்பாடலைச் சேர்த்தது. அந்தப் பதிவேட்டில் இடம்பெற்ற மூன்றாவது ராப் படைப்பு இது. 2016-இல் அஃபெனி காலமானார். தாய், மகன் இருவரின் வாழ்வையும் கூறும் ஆவணத் தொடர், இதே பாடலின் பெயரில் 2023-இல் வெளியானது.